சொல்லுக்குக் காத்திருந்த நாய்

— "2025 அக்டோபர் 27, திங்கட்கிழமை. என் மதிலேறிக் குதித்து, என் நாயைக் கொன்று, தம் இடத்தில் புதைத்திருக்கிறார் பக்கத்துப் பனியன் கம்பெனி உரிமையாளர் பசீர் அகமது. அவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்." அடித்துவிட்டாயா, அம்மணி?

— அடிச்சுட்டனுங்க வாத்தியாரய்யா.

— திரையை இப்படித் திருப்பு. 'பக்கத்துப்' என்பதில் 'ப்' எங்கே?

— ஒரு 'ப்' போனா இன்ஸ்பெக்டரு கேசு எடுக்க மாட்டாருங்களா? இந்த ஜெராக்ஸ் கடையில தெனமும் பத்துப் புகார் அடிக்கறனுங்க. ஒருத்தரும் 'ப்' கேட்டதில்ல.

— மற்றவர்கள் எப்படியோ போகட்டும். முப்பத்துநான்கு ஆண்டு தமிழ் நடத்தியவன் கொடுக்கும் மனு இது. கீழே 'சுப்பையன்' என்று கையெழுத்து விழப்போகிறது. பிழையோடு போகாது.

— நல்லவேளைங்க, நான் இங்கிலீஷ் மீடியத்துல படிச்சேன். தப்பிச்சேன்.

— நீ தப்பிக்கவில்லை, அனுப்பிரியா. தவறவிட்டாய். முதலில் அந்த நாயை வாசலைவிட்டு விரட்டு. என் செருப்பின்மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறது.

— அது பன்னுங்க. பேக்கரிக்காரரு போடற பன்னைத் தின்னே வளந்ததால அதே பேரு. ஒண்ணும் பண்ணாதுங்க. சரி, உங்க நாய் வெவரம் சொல்லுங்க, படிவத்துல கட்டம் இருக்குது. பேரு?

— ஞமலி.

— என்னதுங்க?

— ஞமலி. பழந்தமிழில் நாய்க்கு வழங்கிய பெயர்.

— அப்ப நாய்க்கு நாய்னே பேரு வெச்சிருக்கறீங்க!

— உன்னிடம் கருத்துக் கேட்கவில்லை. அடி.

— 'ஞ' எந்தச் சாவியில இருக்குதுன்னே மறந்து போச்சுங்க. இருங்க. ம்... வந்துருச்சு. ஆனா டெய்லர் மாரிச்செல்வம் அதை ஜாமூன்னுதான சொல்லுவாரு?

— பசீர் கம்பெனியில் தைக்கிறவர்கள் எல்லாரும் ஜாமூன் என்றார்கள். பீகார்ப் பையன்கள் ஜமேலி என்றார்கள். எவனும் ஒழுங்காகச் சொன்னதில்லை. எவன் கூப்பிட்டும் அது திரும்பியதும் இல்லை. என் ஒரு குரலுக்குத்தான் திரும்பும்.

— வயசு?

— பதினொன்று. நாட்டு நாய். செவலை. இடது காது நுனி கிழிந்திருக்கும். மழை வந்தால் என் நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளும், வால் மட்டும் வெளியே கிடக்கும். அதையெல்லாம் அடிக்காதே.

— அடிக்கலீங்க.

— அந்த வீட்டில் நான் பேசுவதைக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? அதையும் அடிக்காதே.

— தண்ணி குடிக்கறீங்களாய்யா?

— வேண்டாம். மேலே போ.

— எப்படி நடந்துச்சுன்னு சொல்லுங்க.

— பதினெட்டாம் தேதி மகள் சுபஸ்ரீ வீட்டுக்குச் சென்னை சென்றேன், தீபாவளிக்கு. நேற்றுத் திரும்பினேன். கேட் பூட்டியது பூட்டியபடி இருக்கிறது. நாயைக் காணோம். மதில்மேல் கால் தடம். உள்ளே செம்பருத்திச் செடி ஒடிந்து கிடக்கிறது. எட்டிப் பார்த்தால், பசீர் கம்பெனியின் பின்புறம் முருங்கை மரத்தடியில் புது மண் மேடு. மண்ணுக்கு வெளியே வெள்ளைப் பனியன் துணி ஒரு முழம் தெரிகிறது. நிறுத்தியிருக்கும் வேனின் கண்ணாடி வழியே பார்த்தேன். பின்சீட்டில் கட்டிங் வேஸ்ட் துணி, அதில் இரத்தக்கறை. இன்னும் என்ன சான்று வேண்டும்?

— அவர்கிட்டக் கேட்டீங்ளா?

— கம்பெனியும் வீடும் பூட்டிக் கிடக்கின்றன. ஓடிவிட்டார்.

— ஓடலீங்கய்யா, தீவாளி நோம்பி லீவு. திருப்பூரே காலியாக் கெடக்குதே. பெருமாநல்லூர் நால்ரோட்டுல பாருங்க, டீக்கடை கூடத் தொறக்கல.

— தீபாவளி அவருக்கு எதற்கு?

— அவுருக்கு எதுக்குங்க? தைக்கற ஆளுக போயிட்டா யாருக்கா இருந்தாலும் லீவுதான. சரி, அடுத்த கட்டம். 'சம்பவத்தின்போது பிராணி யாருடைய பொறுப்பில் இருந்தது?'

— 'தக்க ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது' என்று அடி.

— யாரு செஞ்சாங்க? யாருகிட்டச் செஞ்சாங்க?

— சொன்னதை மட்டும் அடி, அம்மணி.

— பேரு போடாம அடுத்த பக்கத்துக்குப் போக உடாதுங்க. நானென்ன பண்ணட்டும்?

— மாரிச்செல்வம். என் தெருக்கோடி லைன் வீட்டில் குடியிருக்கும் டெய்லர். கேட் சாவியும் அவனிடம்தான். தீபாவளிக்கு ஊருக்குப் போகவில்லை என்று சத்தியம் செய்தான்.

— அய்யா...

— என்ன?

— மாரிச்செல்வம் பத்தொம்பதாந்தேதி சாயங்காலமே தென்காசி பஸ் ஏறிட்டாருங்க. டிக்கெட்டை நாந்தான் பிரின்ட் எடுத்துக் குடுத்தேன். நீங்க ஒக்காந்திருக்கற அதே ஸ்டூல்ல ஒக்காந்துட்டு, 'போனசு கடைசி நாளு தந்துட்டாவ, எங்கம்மைக்குச் சேலை எடுத்துட்டேன்'னு காட்டுனாரு.

— ம்.

— போனசு கைக்கு வந்த பொறகு திருப்பூர்ல டெய்லர் நிப்பாருன்னு நீங்க நம்புனீங்க பாருங்க! ஊருக்குப் புதுசா வந்தவங்க பண்ணலாம் இந்தத் தப்பை. ஆனா அவரு போனது உங்களுக்குத் தெரியாதுங்கல்ல? அப்ப அதையும் சேத்து அடிச்சரலாம்.

— தெரியும்.

— என்னங்கய்யா?

— தெரியும் என்றேன். பஸ் ஏறியதும் போன் செய்தான். 'சார், மன்னிச்சிருங்க, பசீர் பாய்கிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்' என்றான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— 'சரி' என்றேன்.

— பொறகு பசீர் பாய்கிட்டப் பேசுனீங்ளா?

— அவரிடம் நான் பேசுவதில்லை. அது உனக்கும் தெரியும்.

— தெரியுமுங்க. அந்தப் போர்டை நாந்தான பிரின்ட் போட்டேன். 'இந்நாய்க்கு எவரும் உணவளிக்கக் கூடாது. மீறுவோர்மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' மூணு தடவ திருத்துனீங்க. மஞ்ச ஃப்ளெக்ஸ், செவப்பு எழுத்து. எதுக்குங்கய்யா அப்படியொரு போர்டு?

— ஆறு ஆண்டுக்கு முன்னால் எங்கள் தெருவில் எவனோ கறித்துண்டில் விஷம் வைத்தான். நான்கு நாய்கள் செத்தன. ஞமலி மட்டும் வாயில் நுரை தள்ளிப் பிழைத்தது. அன்றே முடிவு செய்தேன், பிறர் கையால் இது ஒரு பருக்கை தின்னக் கூடாது என்று. பழக்கினேன். தட்டு வைத்தாலும் தொடாது. நான் ஒரு சொல் சொன்னால்தான் வாய் வைக்கும். மாலை ஆறு மணி, தட்டு, அந்தச் சொல். அவ்வளவுதான் அதன் ஒழுங்கு. மாரிச்செல்வத்துக்கு அந்தச் சொல்லை ஒரு வாரம் சொல்லிப் பழக்கிவிட்டுத்தான் போனேன்.

— விஷம் வெச்சது பசீர் பாயிங்களா?

— யார் என்று தெரியாது.

— அப்பறம் அவர்கூட என்னங்க பகை?

— பக்ரீத்துக்கு மறுநாள் அவர் மகன் அஃப்சல் மதில்மேல் நின்று எலும்பு போட்டான். பஞ்சாயத்து ஆபீஸ்வரை இழுத்துப் போனேன். பசீர் எல்லார் முன்னிலையிலும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு இரண்டு ஆண்டாகப் பேச்சில்லை.

— மன்னிப்புக் கேட்டவரு பேசலீங்களா, கேக்க வெச்சவரு பேசலீங்களா?

— உன் வேலை டைப் அடிப்பது.

— சரிங்க. போனைக் குடுங்க. ஓடிபி வரும், அதைப் போட்டாத்தான் புகாரு போய்ச் சேரும். அஞ்சு நிமிசந்தான் நேரம்.

— இந்தா.

— ஏனுங்கய்யா... இதென்ன, பசீர் பாய்கிட்ட இருந்து பதினொரு மிஸ்டு கால் இருக்குது?

— ஓடிபியை மட்டும் பார்.

— வாட்ஸப்புல வாய்ஸ் மெசேஜ் வேற. அஞ்சு. ஒண்ணைக்கூட நீங்க கேக்கல. எல்லாத்துலயும் பச்சைப் புள்ளி அப்படியே இருக்குது.

— அவர் பெயர் வந்தால் நான் திறப்பதில்லை.

— புகார்ல 'எதிர்த்தரப்பின் விளக்கம்'னு ஒரு கட்டம் இருக்குதுங்க. கேட்டாத்தான அடிக்க முடியும்? இது மொதல் மெசேஜ். பத்தொம்பது, சாயங்காலம் ஏழு மணி.

— வேண்டாம், அனுப்பிரியா.

— போட்டுட்டனுங்க.

— "வாத்தியாரய்யா, வணக்கம், பசீர் பேசறனுங்க. மாரிச்செல்வம் திடுக்குனு ஊருக்குக் கெளம்பிட்டாப்ல. நாயைப் பாத்துக்குங்க பாய்னு ரோட்டுல இருந்தே கத்திட்டு ஓடறாப்ல. சாவியும் அவரு பையிலயே போயிருச்சாட்ட இருக்குதுங்க. நான் பாத்துக்கறனுங்க, அதுல ஒண்ணுமில்ல. ஆனா கேட்டுல உங்க போர்டு தொங்குது. ஒருக்கா வாங்கிக் கட்டிக்கிட்டோம், மறுபடியும் உங்க மனசு நோகக் கூடாது. 'சோறு வெய்யி பசீரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. போனு எடுக்கலீங்க, பிரயாணத்துல இருப்பீங்க. சரிங்."

— பிரயாணத்துல இருந்தீங்ளாய்யா?

— இல்லை. சென்னை போய் ஒரு நாள் ஆகியிருந்தது.

— அடுத்தது. இருபது, தீவாளியன்னிக்கு மத்தியானம்.

— "அய்யா, தீவாளி வாழ்த்துங்க. வெடிச் சத்தத்துக்கு ஞமலி உங்க மோட்டர் ரூம் மூலையில நடுங்கிட்டுக் கெடக்குது. உங்களைக் கேக்காம கேட்டுச் சந்துல இட்லி வெச்சுட்டனுங்க, கோவிச்சுக்காதீங்க. வந்துச்சு, மோந்து பாத்துச்சு. எச்சில் ஒழுகுது. ஆனா திங்கல. என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிக்குது. என்ற ஊட்டுக்காரி ஜஹானாரா பால் ஊத்திக் குடுத்துச்சு, அதையும் தொடல. மழைத்தண்ணி மட்டும் தொட்டியில நக்கிக் குடிக்குது. ஒரு போனு போடுங்கய்யா."

— நிறுத்து.

— பேரைச் சரியாச் சொல்றாருங்க பாருங்க. ஞமலின்னு.

— நிறுத்து அம்மணி.

— எவனும் ஒழுங்காச் சொன்னதில்லைன்னீங்க. 'ஞ' கூடச் சுத்தமா வருது அவுரு வாயில.

— அவருடைய மகள் அனம் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தாள். அவள் சொல்லிக் கொடுத்திருப்பாள். போதும்.

— மூணாவது. இருபத்தொண்ணு, சாயங்காலம் ஆறு அஞ்சு.

— "வாத்தியாரய்யா, பசீருங்க. உங்களுக்கு என்ன கோவமோ அது அப்படியே இருக்கட்டுங்க. நாய்க்கு என்ன சொல்லித் திங்க வெப்பீங்கன்னு மட்டும் சொல்லிருங்க. தெனம் ஆறு மணிக்கு நீங்க என்னமோ ஒரு வார்த்தை சொல்றது மதிலுக்கு இந்தப்பக்கம் கேக்கும். நம்ம பொழங்கற வார்த்தை இல்லைங்க அது, புடிபட மாட்டேங்குது. சாப்பிடுன்னு சொன்னேன், தின்னு ராசான்னேன், பீகார்ப் பையன் இந்தியில காலே காலேன்னு கெஞ்சினான். அஃப்சல் மண்டி போட்டுட்டு, 'அன்னிக்கு எலும்பு போட்டதுக்கு மன்னிச்சுக்கடா'ன்னு அழுகறான். மாரிச்செல்வத்துக்குப் போட்டா அவரு ஊருல டவர் இல்லையாட்ட இருக்குது. அய்யா, நான் போனை ஸ்பீக்கர்ல போட்டு அதுங் காதுகிட்டப் புடிக்கறேன். நீங்க என்கிட்டப் பேசவே வேண்டாம். அதுகிட்ட மட்டும் சொல்லுங்க. அரை நிமிசம் ஆகாது."

— அய்யா, இந்த மெசேஜுக்கு முன்னாடி நாலு கால் வந்திருக்குது. அஞ்சு அம்பது, அஞ்சு அம்பத்தஞ்சு, ஆறு, ஆறு மூணு. அந்நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?

— சுபஸ்ரீ வீட்டு ஹாலில்.

— போன்?

— கையில்.

— சத்தம் கேக்கலீங்களா?

— கேட்டது. வடை தின்றுகொண்டிருந்தேன். பெயரைப் பார்த்தேன். கவிழ்த்து வைத்தேன். மறுபடியும் அதிர்ந்தது. சுபஸ்ரீ 'யாருப்பா?' என்றாள்.

— என்ன சொன்னீங்க?

— 'விளம்பரம்' என்றேன்.

— அய்யோ.

— எதற்கு எடுக்கவில்லை என்று கேள். கேளேன். நீ கேட்காவிட்டால் நானே சொல்கிறேன். அவர் உதவி செய்தார் என்று ஆகிவிடக் கூடாது. ஊர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்து 'நன்றி' என்று சொல்ல வேண்டி வந்துவிடக் கூடாது. ஒரு நாள், இரண்டு நாள் நாய் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். சனியன், அது ஒழுங்காக வளர்ந்த நாய். தாங்கிவிட்டது.

— இன்னும் ரெண்டு இருக்குதுங்க. வேண்டாம்னா நிறுத்திடறேன்.

— இல்லை. போடு.

— இருபத்திமூணு, மத்தியானம்.

— "அய்யா, மன்னிக்கோணும். மதிலேறிக் குதிச்சுட்டனுங்க. ஞமலி படுத்த படுக்கையாக் கெடந்துச்சு, கூப்பிட்டா கண்ணு மட்டும் அசையுது. ஜஹானாரா, 'போர்டாவது கீர்டாவது, நீ குதிக்கலைன்னா நான் குதிக்கறேன்'னுருச்சு. குதிச்சதுல உங்க செம்பருத்தி ஒண்ணு ஒடிஞ்சு போச்சு, வேற வாங்கி நட்டுக் குடுத்தர்றேன். வேன்ல போட்டு அவிநாசி மாட்டாஸ்பத்திரிக்கு வந்திருக்கறோம். காலு ரோமத்தச் செரச்சு குளுகோசு ஏத்தறாங்க. நரம்பு கெடைக்காம ரெண்டு மூணு எடத்துல குத்தி ரத்தம் வந்துச்சு, வேஸ்ட் துணியில தொடச்சு உட்டேன். டாக்டரு என்ன சொல்றாருன்னா, வயசாயிருச்சு, கிட்னியும் சரியில்ல, வெடிக்குப் பயந்ததும் சேந்துக்கிச்சு. வாய்வழியா எதாச்சும் உள்ள போனாத்தான் நிக்கும்ங்கறாரு. அய்யா, அந்த வார்த்தை."

— வேன் பின்சீட்டுக் கறை அதுதானுங்க.

— ஆமாம்.

— கடைசி மெசேஜ். இருபத்திநாலு, வெள்ளிக்கெழமை சாயங்காலம்.

— "வாத்தியாரய்யா... ஞமலி மௌத்தாயிருச்சுங்க. எறந்துருச்சு. காலையில ஒம்பதரை இருக்கும். ஆனா அய்யா, சாப்பிட்டுட்டுத்தான் போச்சு. அதைச் சொல்லத்தான் போட்டேன். அனம் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்து நேத்து சாயங்காலந்தான் வந்துச்சு. வெவரத்தக் கேட்டதும், 'அத்தா, சார் வாய்ஸ் என்கிட்ட இருக்குது'ன்னு ஓடுச்சு. கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடுனப்ப நீங்க போன்ல பாடம் நடத்தி அனுப்புவீங்கல்லங்க? அதுல ஒண்ணுல நடுவால நாய்கிட்டப் பேசுவீங்களாம். வகுப்புப் புள்ளைக அதை மறுபடி மறுபடி போட்டுச் சிரிக்குமாம், அதனால அழிக்காம வெச்சிருந்திருக்குது. தேடி எடுக்க விடிஞ்சு போச்சு. ஞமலி காதுகிட்ட வெச்சுப் போட்டோம். தலையத் தூக்குச்சு அய்யா. வாலு ரெண்டு தட்டுத் தட்டுச்சு. ஜஹானாரா உள்ளங்கையில இருந்து ஒரு இட்லி, முழுசாத் தின்னுச்சு. அரைமணி நேரத்துல, ஜஹானாரா மடியிலயே... கேட்டுச் சாவி இல்லாததால எங்க முருங்கைக்கடியில பொதச்சோம். நல்ல இன்டர்லாக் பனியன் துணி, புது ரோல்ல வெட்டிச் சுத்தினேன். நானும் குளிச்சு ஜும்மாவுக்குப் போயிட்டு வந்தேன். நாளைக்குத் திண்டுக்கல்லுல ஒரு கல்யாணம், புதன்கெழம வந்துருவோம். வந்து நேர்ல சொல்றேன். நீங்க ஒடம்பைப் பாத்துக்குங்க."

— அது கூடவே அனம் ஒரு ஆடியோ அனுப்பியிருக்குதுங்கய்யா. போடட்டுங்களா?

— போடு.

— "எட்டாம் வகுப்பு மாணவர்களே, வணக்கம். இன்று கடிதம் எழுதும் முறை. வலப்பக்கம் மேலே நாள் எழுத வேண்டும். அதன் கீழே... பொறுங்கள். ஞமலி! வந்துவிட்டாயா? மணி ஆறாகிவிட்டதோ? இரு, இரு. இதோ. உண்க. ...ம். பசியா? மெல்ல, மெல்ல. சரி மாணவர்களே, எங்கே விட்டோம்?"

— இன்னொருக்கா போடட்டுங்களா?

— வேண்டாம்... என்ற வாயில இருந்து வந்த சொல்லு அம்மணி. அஞ்சு வருசத்துக்கு முந்தி வந்தது. அது போய்ச் சேந்துச்சு. நான் போகல. போன் என்ற கையிலயேதான் இருந்துச்சு.

— கண்ணைத் தொடச்சுக்குங்க. இந்தாங்க, துணி. புது பனியன் பீஸ்தான்.

— அந்தப் புள்ளை எட்டாவதுல எழுதுன கட்டுரைக்கெல்லாம் நான் மார்க்கு கொறச்சேன். ஒத்துப்பிழைன்னு.

— ஓடிபி நேரம் முடிஞ்சு போச்சுங்கய்யா. வேற அனுப்பச் சொல்லட்டுங்களா?

— அழிச்சுரு.

— புகாரு பூராவுமா?

— பூராவும். ஒரு எழுத்து மிச்சம் வெக்காத. ஏம்மணி, அந்தப் பன்னு உன்கிட்ட இருக்குதா?

— நாய் இங்கதான இருக்குது, உங்க செருப்பு மேல.

— திங்கற பன்னைக் கேட்டேன்.

— டப்பாவுல இருக்குது. இந்தாங்க. பிச்சுப் போடுங்க.

— இங்க வாடா. இங்க வா. உண்... அட! சொல்றதுக்குள்ள முழுங்கிப்போட்டானே!

— அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலீங்க.

— வெரலைப் பாரு, நக்கறான். முழங்கை வரைக்கும் நக்கறான். போடா, போதும்... இன்னொரு துண்டு குடு அம்மணி.

— சிரிக்கறீங்களாய்யா, அழுகறீங்களா?

— தெரியல. நாக்கு சூடா இருக்குது. ஒரு வாரமாச்சு, கையில இப்படி ஒரு நாக்குப் பட்டு.

— பசீர் பாய்க்குப் போன் போட்டுத் தரட்டுங்களா?

— என்னத்தச் சொல்லிப் பேசறது? மதிலேறிக் குதிச்ச கொலைகாரன்னு இப்பத்தான் அடிச்சு முடிச்ச. அந்த மை கூடக் காயல.

— கம்ப்யூட்டர்ல மை ஏதுங்க? பெல் போகுது. புடிங்க.

— அம்மணி, வேண்டாம், நான்...

— "அலோ, வாத்தியாரய்யா! வாங்க, வாங்க. ஊருக்கு வந்துட்டீங்களா? சாப்பிட்டீங்களா? அய்யா? கேக்குதுங்களா? நோம்பி லீவுல ஓட்டலெல்லாம் அடச்சிருக்குமே. எங்க ஊட்டுச் சாவி பேக்கரியில குடுத்திருக்குது. அரிசி பருப்பு எல்லாம் இருக்குது, எடுத்துச் சமச்சுக்குங்க. சாப்பிட்டீங்களா, சொல்லுங்க."

— பசீரு... இன்னும் சாப்பிடல.

— "மணி பதினொண்ணாச்சே!"

— நான் உங்க மேல புகார் எழுத வந்தனுங்க பசீரு. நீங்க கொன்னுட்டீங்கன்னு. பேரு ஊரோட எழுதினேன். உங்க குரலை இப்பத்தான் கேட்டேன். அஞ்சையும். அன்னிக்குப் பஞ்சாயத்து ஆபீஸ்ல எல்லார் முன்னாலயும் உங்களைக் கைகூப்ப வெச்சேன். புதன்கெழமை நீங்க வந்ததும் அதே எடத்துக்கு நான் வர்றேன். கூப்பறதுக்கு.

— "அதெல்லாம் எதுக்குங்கய்யா? நீங்க மொதல்ல சாப்பிடுங்க. ஞமலி சாப்பிட்டுருச்சு. இப்ப நீங்கதான் பாக்கி. அனம், இங்க வா, சார் பேசறாரு. என்னமோ அந்த வார்த்தை இருக்குதே, அதைச் சாருக்குச் சொல்லு."

— "சார், நான் அனம். உண்க, சார்."

— வெச்சுட்டாங்களாய்யா?

— வெச்சுட்டாங்க.

— பேக்கரியில இருந்து ரெண்டு பன்னும் டீயும் சொல்லட்டுங்களா?

— சொல்லு. அதுக்கு முன்னால, அந்தப் பழைய போர்டு அளவில் இன்னொன்று வேண்டும். மஞ்சள் வேண்டாம். வெள்ளை. கறுப்பு எழுத்து. என் கேட்டில் பழையதைக் கழற்றிவிட்டு இன்றே கட்ட வேண்டும்.

— என்ன அடிக்கட்டும்? சொல்லுங்க.

— "இதைப் படிக்கும் நீர் எவராயினும் ஆகுக. இவ்வீட்டில் ஞமலி என்றொரு நாய் இருந்தது. ஒரு சொல்லுக்காக ஐந்து நாள் பசித்துக் காத்திருந்தது. அச்சொல்லைச் சொல்ல வேண்டியவரின் தொலைபேசி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது."

— அப்படியே உட்டரலாங்களா? நல்லாத்தான இருக்குது.

— விடாதே. 'வைக்கப்பட்டிருந்தது' என்பதை அடித்துவிட்டு, "சுப்பையனாகிய நானே கவிழ்த்து வைத்திருந்தேன்" என்று போடு. பெயரைப் பெரிய எழுத்தில் போடு. தெருவில் நின்று பார்த்தாலும் தெரிய வேண்டும்.

— போட்டுட்டனுங்க. 'ப்', 'க்' எல்லாம் பாத்துக்கறீங்ளா?

— பார்க்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

— கீழ எதாச்சும் வேணுங்களா? நெறைய எடம் மிச்சமிருக்குது.

— "உம் கையிலும் ஒரு தொலைபேசி இருக்கிறது. அதில் நீர் எடுக்காமல் விட்ட ஒரு பெயரும் இருக்கிறது. இங்கே நின்று எனக்காக இரங்க வேண்டா. இப்போதே அவரை அழைத்து, 'சாப்பிட்டீர்களா?' என்று கேளும்."